ஒன்பது மணிக் கேட்

அம்பாசடர் மூன்று தடவை முக்கிவிட்டு நின்றபோது மணி எட்டு முப்பத்தைந்து. ராஜபாளையத்திலிருந்து கிளம்பி எட்டே கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் சத்யப்பிரியா எழுத வேண்டிய அரசு வேலைப் பரீட்சைக்கு ஒன்பது மணிக்குக் கேட்டை அடைத்துவிடுவார்கள். போன தடவை ஒரே ஒரு மார்க்கில் கைநழுவிய வேலை.

"பஸ்ல போறேன்னு அப்பவே சொன்னேன்லப்பா" என்றாள்.

மகளைத் தன் காரில்தான் கொண்டுபோய் இறக்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் பால்பாண்டிதான். போதாததற்குக் காலையில் காருக்கு மாலை போட்டு, சந்தனம் அப்பி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அதிலேயே இருபது நிமிஷத்தைத் தொலைத்திருந்தார்.

மூன்று மாதமாக இதே கூத்து. எட்டு கிலோமீட்டர் ஓடும், நிற்கும், கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். மெக்கானிக் இருளப்பசாமி கார்பரேட்டரைக் கழுவினார், பெட்ரோல் பம்பை மாற்றினார். அவர் பட்டறையில் மட்டும் வண்டி சமத்தாக உறுமும். "உமக்குத் தொழில் தெரியலைய்யா" என்று பால்பாண்டி அவரை நாலு பேர் கேட்க ஏசியும்விட்டார்.

பானெட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத்துண்டைப் போட்டார். குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினார். சொட்டுப் பெட்ரோல் வரவில்லை.

"செத்த நேரம் பொறும்மா, சூடு தணிஞ்சா எடுத்துரும்."

சத்யப்பிரியா ஹால்டிக்கெட்டைக் கசக்கிப் பிடித்தபடி ரோட்டுக்கும் காருக்குமாக நடந்தாள். கை காட்டிய இரண்டு பஸ்களும் நிற்கவில்லை.

எட்டு ஐம்பதுக்கு ஒரு ஸ்கூட்டி நின்றது. "நானும் அதே பரீட்சைக்குத்தான். ஏறுங்க சீக்கிரம்!" என்றாள் ஓட்டிவந்த பெண். சத்யப்பிரியா அப்பாவைத் திரும்பியும் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.

பால்பாண்டிக்கு நிலைகொள்ளவில்லை. பெட்ரோலாவது இருக்கிறதா பார்ப்போம் என்று பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திருகினார். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மறு நொடி டேங்க் 'புஸ்ஸ்' என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

மூடியில் ஊசித்துளை ஒன்று உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் பம்ப்பால் இழுக்க முடியும். அந்தத் துளையின் மேல்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் சந்தனம் வைத்திருக்கிறார். வண்டி நிற்க ஆரம்பித்ததும், தெய்வக் குத்தமோ என்று பயந்து இன்னும் தாராளமாக. இன்று மகளுக்காக உள்ளங்கை அகலத்துக்கு. பட்டறையில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பார்கள், அங்கே எப்படி நிற்கும்?

துளையைக் குத்திவிட்டு, குழாயை மாட்டி, சாவியைத் திருப்பினார். வண்டி உடனே எடுத்துக்கொண்டது.

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது ஒன்பது பத்து. அடைத்த கேட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் போலீஸ்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மகள் இல்லை; உள்ளே போய்விட்டாள். அங்கேயே நின்று அழுதுவிட்டார்.

பன்னிரண்டரைக்கு அவள் வெளியே வந்தாள். பால்பாண்டி டேங்க் மூடியைக் கழற்றி நீட்டினார். "இருளப்பசாமி மேல குத்தமில்லம்மா. நான்தான் சந்தனத்த அப்பி அடைச்சு வச்சிருக்கேன்."

அவள் அதை வாங்கவில்லை. "உள்ள போயும் பதட்டத்துல முதல் கேள்வியவே நாலு தடவ வாசிச்சேன்ப்பா. கடைசி ஆறு கேள்விய வாசிக்கக்கூட நேரமில்ல. நீங்க போங்க, நான் காலைல ஏத்திட்டு வந்த ஷெரினக்கா ஸ்கூட்டில வாரேன்."

ஸ்கூட்டி முன்னால் போனது. ராஜபாளையம் வரைக்கும் அம்பாசடர் ஓரிடத்தில்கூடத் திணறவில்லை. எங்கேயாவது நின்று தொலையக்கூடாதா என்றிருந்தது பால்பாண்டிக்கு.