ஆறு லைப்ரரிகளும் ஒரு வெளியேறு பொத்தானும்

1

“நீ செய்யறது மென்பொருளே இல்ல. சுவரொட்டி.”

“என்னது?”

“வெப் பேஜ். ஒட்டறது, கிழிக்கறது, மறுபடியும் ஒட்டறது. என்னோடது கட்டடம் மாதிரி. ஒரு தடவ இன்ஸ்டால் பண்ணிட்டா அசையாது.”

“அது உண்மைதான். உங்களோடது எதுவுமே அசையாது. நீங்களும்தான்.”

பதினொரு வருடங்களுக்கு முன் என் அண்ணனும் அண்ணியும் பேசிக்கொண்டது இது. கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்த நான் அதை எடுக்க மறந்துபோனேன். அது கரைந்து அடியில் போய்ச் சேர்ந்தபோது சமாதான உடன்படிக்கை தயாராகியிருந்தது. இனிமேல் வீட்டுக்குள் வேலைப் பேச்சு கிடையாது. இருவரும் சொன்ன சொல் தவறாதவர்கள். அதுதான் தொல்லை.

இந்தக் கதை அன்று பிறக்கவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் அண்ணன் போனில் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். “அவகிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கு. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல.” நான் பதறிப்போனேன். குடும்பக் கதை எழுதுகிறவளுக்குப் பதற்றம் சுலபமாக வரும். கடைசியில் பார்த்தால் அவன் கேட்க நினைத்தது இணையப் பக்கம் செய்வது எப்படி என்று. அன்றுதான் இது பிறந்தது.

(அண்ணனை ‘அவன்’ என்றும் அண்ணியை ‘அவர்’ என்றும் எழுதுகிறேன். கூடப் பிறந்தவனுக்கு மரியாதை கொடுக்க எனக்குக் கை வருவதில்லை. மன்னிக்கவும்.)

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

‘மழை அன்று நிற்கவே இல்லை. சன்னலோரம் அவள்’

மழை இல்லை. நல்ல வெயில். மேலும், என் முந்தைய ஏழு கதைகள் மழையில்தான் தொடங்குகின்றன. பதிப்பாசிரியர் போன முறையே குடை அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டார்.

‘இடைமுக நூலகம் எனப்படுவது யாதெனில்’

இதைப் படித்தால் நானே எழுந்து போய்விடுவேன். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். திரையில் தெரிகிற பொத்தான், பட்டியல், தேதிப் பெட்டி இவற்றையெல்லாம் ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதத் தேவையில்லை. யாரோ முன்பே எழுதித் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். இணையத்தில் இப்படி எத்தனையோ இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதோடுதான் பல வருடம் குடித்தனம். பிடிக்கவில்லை என்று பாதியில் விட்டால் மொத்த வேலையும் மறுபடி.

குடித்தனம் என்ற சொல் வந்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இது என் பேட்டை.

3

இப்போது டாக்டரம்மா. முதல் வரைவில் இவரை மீசை வைத்த ஆணாக எழுதியிருந்தேன், மிரட்டல் கூடுதலாக இருக்கட்டும் என்று. அது தேவையே இல்லை. நிஜத்தில் இவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட, மெல்லிய குரல் கொண்ட பெண்மணி. நான்கு கால்நடை மருத்துவமனைகள் நடத்துகிறார். எந்த நாய்க்கு எப்போது ஊசி, எந்தப் பசுவுக்கு என்ன மருந்து என்று நான்கிலும் கணக்கு வைத்திருப்பது அண்ணன் தனி ஆளாக எழுதிய மென்பொருள்.

மூன்று வாரங்களுக்கு முன் அவர் கூப்பிட்டுச் சொன்னார்:

“நாலு வருஷமாக் கேட்டுட்டு இருக்கேன் சார். மாட்டுத் தொழுவத்துல நின்னுக்கிட்டு போன்லயே பாக்கணும், எழுதணும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மாட்டைக் கூட்டிட்டு வர முடியுமா? மாசக் கடைசித் திங்கக்கிழமை காட்டுங்க. இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறேன். கோபமெல்லாம் இல்ல.”

கோபமெல்லாம் இல்லை என்று சொல்பவர்களிடம்தான் பயப்படவேண்டும். அந்த நான்கு மருத்துவமனைகள் போனால் அண்ணனின் பத்தொன்பது வருட உழைப்பில் மிச்சம் இருப்பது ஒரு கிளிப் பண்ணையின் கணக்கு மட்டும்.

4

அண்ணன் அட்டவணை போட்டான். பதினொரு நெடுவரிசை. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், கடைசியாக எப்போது திருத்தினார்கள், விளக்கக் குறிப்பு புரிகிறதா, தேதிப் பெட்டி லட்சணமாக இருக்கிறதா என்று பத்துப் பொருத்தத்துக்கு மேலேயே ஒன்று பார்த்தான். ஆறு லைப்ரரிகள் தேறின. அவற்றுக்கு அவன் வைத்த செல்லப் பெயர்கள்: பெரியண்ணன், துடுக்கு, சன்னியாசி (கூடவே எதையும் கொண்டுவராது), புதுமாப்பிள்ளை, ஊமை, வளவளா.

ஒவ்வொன்றிலும் ஒரே பக்கத்தைச் செய்து பார்த்தான்: தடுப்பூசிப் பதிவு. பெரியண்ணனில் செய்ததைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினான். அவர் ஒரு கையால் பெரிய நாய் ஒன்றை மேசையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வாங்கினார்.

“என்ன சார், மாட்டோட பேர் பாதிதான் தெரியுது?”

“கொஞ்சம் வலது பக்கம் தள்ளுங்க டாக்டர்.”

“சேமிக்கற பொத்தான் எங்க?”

“இன்னும் கொஞ்சம் வலது பக்கம்.”

“எவ்வளவு தூரம்? பக்கத்து ஊர் வரைக்குமா?”

அவரே விரலால் திரையைத் தள்ளிக்கொண்டு போனார்.

“இது என்ன, ‘வெளியேறு’ன்னு? அழுத்தறேன், ஒண்ணும் ஆகலையே.”

“அது... ப்ரோகிராம மூடறதுக்கு.”

“போனைப் பையில போட்டா மூடிடப் போகுது. திங்கக்கிழமை பாக்கலாம் சார்.”

வாசகருக்கு ஒரு விளக்கம். கணினியில் நிறுவும் மென்பொருளை எழுதிப் பழகியவர்கள் திரையில் திறக்கும் சன்னலின் அளவு தங்கள் கையில் இருப்பதாக நம்பி வாழ்பவர்கள். இந்தப் பெட்டி இடமிருந்து நானூறு புள்ளி, மேலிருந்து இருநூறு புள்ளி என்று அளந்து வைப்பார்கள். வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். இணையப் பக்கம் அப்படி இல்லை. பெரிய திரையில் விரியவேண்டும், சின்னத் திரையில் மடங்கவேண்டும். அப்புறம், திறந்த கதவை மூட வழி வைக்காமல் இருப்பது அண்ணனைப் பொறுத்தவரை பண்பில்லாத செயல். அதனால்தான் பக்கத்துக்குப் பக்கம் ‘வெளியேறு’. பக்கத்தைத் திறந்து காட்டும் உலாவியோ அவன் பேச்சைக் கேட்டுத் தன்னை மூடிக்கொள்ளாது.

வீட்டுக்கு வந்தவன் என்ன செய்தான்? அட்டவணையில் பெரியண்ணனுக்கு நேரே பெருக்கல் குறி போட்டான். ‘போனில் சரியாகத் தெரியவில்லை.’ மறுநாள் துடுக்கை எடுத்து, அதே நானூறு, அதே இருநூறு, அதே வெளியேறு. துடுக்குக்கும் பெருக்கல். சன்னியாசிக்கும் பெருக்கல். ஆறு பேருக்கும் போட்டாயிற்று.

(இந்த இடத்தில் ‘அவன் கண்கள் கலங்கின’ என்று எழுதி அடித்துவிட்டேன். கலங்கவில்லை. ஏழாவதாக ஒன்று கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தான்.)

5

அண்ணிக்குத் தெரியுமா? தெரியும். அண்ணியின் தொழிலே இதுதான். துவைத்த துணியைத் தூக்கிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் போகும்போதும் வரும்போதும் திரையைப் பார்த்திருக்கிறார். சமையலறையில் என்னிடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“எந்த லைப்ரரியா இருந்தா என்ன? இவர் ஒவ்வொரு பெட்டியையும் ஆணி அடிச்சு வைக்கறார். அதுங்க என்ன பண்ணும், பாவம்.”

“சொல்லிடுங்களேன் அண்ணி.”

சிரிப்பு நின்றது.

“கேக்கட்டும். நானாப் போய்ச் சொன்னா அது உதவி இல்ல, திருத்தறது. பதினொரு வருஷத்துல என் வேலையப் பத்தி ஒரு கேள்வி கேட்டிருப்பாரா? ஒண்ணே ஒண்ணு?”

எனக்கு அண்ணி பாத்திரத்தின் மேல் ஒரு சந்தேகம் இருந்தது. தெரிந்தும் சொல்லாதவர் என்றால் வாசகர்கள் கோபிப்பார்களே என்று. அந்த ‘ஒண்ணே ஒண்ணு’க்குப் பிறகு சந்தேகம் போய்விட்டது. நானும்தான் கேட்டதில்லை.

இவனோ கேட்டால் உடன்படிக்கை முறியும் என்று இருக்கிறான். அவரோ கேட்காமல் சொல்வதில்லை என்று இருக்கிறார். இரண்டு பேருடைய ரகசியமும் என்னிடம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரும் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் கதை எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

6

சனிக்கிழமை மதியம், கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள். சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பினேன். அண்ணி கழன்றுபோன வாணலிக் கைப்பிடிக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் எதிரே.

“ஒரு கணவன், ஒரு மனைவி. யாரோ” என்றேன். “அவனுக்கு அவகிட்ட ஒரு உதவி வேணும். முடிவு மட்டும் படிக்கறேன், எது நல்லா இருக்குன்னு சொல்லுங்க.”

முடிவு அ: மின்சாரம் போய்விடுகிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவன், ‘கண்ணே, என் அறியாமை இருளில் நீயே’

“நிறுத்து” என்றான் அண்ணன். “அந்த ஆளு இப்படிப் பேசினா எனக்கே பயமா இருக்கும்.”

முடிவு ஆ: அவன் இணைய மன்றம் ஒன்றில் புனைபெயரில் கேள்வி கேட்கிறான். அருமையான பதில் வருகிறது. எழுதியவர், பக்கத்து அறையில் இருக்கும் மனைவி!

“அவளுக்கு வேற வேலை இல்லையா?” என்றார் அண்ணி. “ஆபீஸ்ல இருக்கறது பத்தாதுன்னு முகம் தெரியாதவங்களுக்கு வேறயா?”

முடிவு இ: கணவனின் தங்கை இடையில் புகுந்து, எல்லாவற்றையும் இருவரிடமும் போட்டு உடைக்கிறாள்.

“அவ எதுக்கு நடுவுல?” இது இருவரும் ஒரே குரலில்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வேறொன்றைக் கவனித்தேன். உடன்படிக்கை வேலைப் பேச்சுக்குத்தான். இது கதைப் பேச்சு. இருவரும் நிறுத்துவதாகத் தெரியவில்லை.

“அவனால கேக்க முடியாது” என்றான் அண்ணன். “இத்தனை வருஷம் கழிச்சு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பான்?”

“இருக்கற மூஞ்சிய வச்சுத்தான். அவ என்ன கடிச்சுத் தின்னுடவா போறா?”

“சிரிப்பா.”

“சிரிச்சா என்ன? அந்த ‘வெளியேறு’ பொத்தானப் பாத்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவ அவரப் பாத்துச் சிரிக்கலையே.”

திருகாணி நின்றது.

அந்தப் பொத்தானைப் பற்றிய பகுதியை நான் அவர்களுக்கு இன்னும் படிக்கவே இல்லை.

“நீ பாத்தியா?” என்றான் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

“ஆறையும் பாத்தேன்” என்றார் அண்ணி, வாணலியைப் பார்த்துக்கொண்டே.

7

அதன் பிறகு அண்ணன் என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டான். ‘அந்த ஆளு என்ன சொல்லுவான்னு நானே எழுதறேன்’ என்றான். ஒரு வரி எழுதினான், அடித்தான். இன்னொன்று எழுதினான், அதையும் அடித்தான். தாளில் அவன் விட்டுப்போனவை அப்படியே:

‘உனக்கு நேரம் இருந்தா’

‘அவசரம் ஒண்ணும் இல்ல, ஆனா திங்கக்கிழமைக்குள்ள’

‘நாலு வருஷமா’

இங்கே நான் உங்களிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். அண்ணி என்ன பதில் சொன்னார், திங்கட்கிழமை டாக்டரம்மா போனில் மாட்டின் முழுப் பெயரும் தெரிந்ததா, ஆறில் எந்த லைப்ரரி வீட்டுக்கு வந்தது, எதையும் நான் எழுதப்போவதில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. அவன் வாயைத் திறந்த கணத்தில் நான் தாள்களை அள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போக எழுந்துவிட்டேன். கதாசிரியர் இருக்கக்கூடாத இடங்கள் உண்டு. பதிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருந்தால், உங்களுக்கு என்ன பதில் வேண்டுமோ அதை வையுங்கள்.

வாசல் வரை போவதற்குள் காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன். அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தான். ‘அந்த ஆளு’ என்று தொடங்கி, நிறுத்தி, அண்ணியைப் பார்த்தான்.

“தப்பு லைப்ரரியில இல்ல, எனக்குத்தான் இது தெரியல. உன் வேலைய எனக்குக் கத்துக் குடுக்கறியா? முதல்லேருந்து?”