காத்துக் குண்டு

பெட்டியின் கடைசித் திருகாணி துருவேறி இறுகியிருந்தது. சண்முகராஜா மாமா ஸ்குரூ டிரைவரை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார்.

"திறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு மாமா," என்றாள் பிரேமினி.

"எந்தப் பாசையில?"

"ரஷ்யாப் பாசையில. கீழ இங்கிலீசுலயும் இருக்கு."

"அப்ப எனக்கில்ல," என்றார் அவர். மூடி விலகியது.

சமையல் வேலை என்று சொல்லி ரஷ்யாவுக்குக் கூட்டிப்போன ஏஜென்ட், அவள் தம்பி கஜேந்திரனைப் போர்முனையில் விட்டிருந்தான். இப்போது தம்பி கந்தப்பளையில், தேயிலைத் தோட்டத்து லயத்தின் முன்னறையில், யாரோ மாட்டிவிட்ட கறுப்புக் கோட்டுடன் கிடந்தான்.

அம்மா கோட்டை விலக்கினாள். கைகளை, கழுத்தை, காதுகளுக்குப் பின்னால் என்று தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஒரு கீறல் இல்ல. பாத்தீங்களாண்ணே, ஒரு கீறல் இல்ல."

கூடப் போன துஷாந்த் அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொல்லியிருந்தான். பிளேனிலிருந்து போட்டார்களாம். காத்துக் குண்டாம். அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். நெருப்பில்லை, இரும்பில்லை, காத்து.

பிரேமினி ரசாயனம் படித்தவள். அந்தக் குண்டு முதலில் எரிபொருளை மூட்டமாகப் பரப்பும். அது பதுங்குகுழிகளுக்குள் இறங்கும். பிறகுதான் பற்றும். மூட்டத்துக்குள் இருந்தவர்கள் எரிந்துபோவார்கள். சற்றுத் தள்ளி இருந்தவர்களின் தோலில் ஒன்றும் தெரியாது. நுரையீரல் கிழிந்திருக்கும். உடனே முடிந்துவிடுவதும் இல்லை.

"நீ படிச்சவதானே," அம்மா திரும்பாமல் கேட்டாள். "காத்து வந்து நெஞ்சுல அடிச்சிருக்கும். மூச்சு நின்னுருக்கும். அவ்வளவுதானே? புள்ள துடிச்சிருக்க மாட்டான்ல?"

மாமா கையிலிருந்த திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதாம்மா," என்றாள் பிரேமினி.

அம்மா தலையாட்டினாள். கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.

"குளிப்பாட்டிருவோம். போய் சுடுதண்ணி வை. பச்சத்தண்ணி அவனுக்கு ஆகாது, சளி புடிச்சிரும்."

மாமா மூடியைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

அடுப்படியில், கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலை விறகு ஈரமாக இருந்தது. பிரேமினி பெரிய சட்டியை ஏற்றி, அடியில் சருகைத் திணித்துக் கொளுத்தினாள். புகைதான் வந்தது.

"கொதிக்க விட்டுறாத," முன்னறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "வெதுவெதுன்னு இருந்தாப் போதும்."

அவள் ஊதுகுழலை வாயில் வைத்து மூச்சை இழுத்தாள். நெஞ்சு நிறைந்தது. ஊதாமல், அப்படியே சற்று நேரம் குந்தியிருந்தாள்.