அறுபத்தாறு கிலோ

பணி ஓய்வு பெற்ற அன்று விமானியின் எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. அதில் அவருடையது எழுபத்திரண்டுதான். மீதி அறுபத்தாறையும் பதினேழு வருடங்களாக அவர் சுமந்து திரிந்தார். மருத்துவப் படிவத்தில் அதற்கென்று கட்டம் ஏதும் இல்லாததால், டாக்டர் ஓரத்தில் “கூட ஒருவர்” என்று பொடி எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆள் பார்க்க ஒல்லி. கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கும். அந்தச் சட்டையில்தான் ஐந்து பதக்கங்கள் குத்தப்பட்டிருந்தன. ஐந்தில் நான்கை அவர் சம்பாதித்தார். ஒன்று அவரைச் சம்பாதித்தது.

அவர் சிறப்புப் படையின் ஹெலிகாப்டர் விமானி. மற்றவர்கள் வரைபடத்தில் பார்க்கவே தயங்கும் இடங்களில், மரத்தின் உச்சி வயிற்றில் உரசுமளவு தாழப் பறந்து ஆட்களை இறக்குவார், வேலை முடிந்ததும் அள்ளிக்கொண்டு வருவார். அந்தப் படையில் ஒரு வழக்கம் உண்டு. கதவருகே நிற்பவர், ஏறும் ஒவ்வொருவர் தோளிலும் தட்டி, உரக்க எண் சொல்வார். அவருக்குப் பெயரே கதவுக்காரர். விமானி திரும்பிப் பார்க்க மாட்டார், பார்க்கவும் கூடாது. இறங்கியது எத்தனையோ அத்தனை காதில் விழுந்தால் எழும்ப வேண்டும். பாதி நொடி பிந்தினாலும் எல்லாருக்கும் ஆபத்து. கண்ணை நம்பாதே, எண்ணை நம்பு என்பதுதான் அவர்களுக்கு வேதம்.

ஒருநாள் விடியும் வேளையில் வறண்ட மலைச்சரிவு ஒன்றில் பன்னிரண்டு பேரை இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து, சுடுகிற சத்தத்துக்கு நடுவே எடுக்கப் போனார். விசிறியின் காற்றில் தூசி சுவர் போல எழுந்தது. கதவுக்காரர் தோள் தோளாகத் தட்டினார். பன்னிரண்டு என்றார். விமானி எழும்பினார். எழும்பிய அந்தக் கணத்தில், தூசி ஓரிடத்தில் விலகி, கீழே ஒருவர் ஓடி வருவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. ஓடி வந்தவர் நின்றார். வலது கை உயர்ந்தபடியே இருந்தது. எண் சரியாக இருந்ததால் விமானி அவரை எதிரி என்று முடிவுசெய்தார்.

தரையிறங்கிய பிறகுதான் தெரிந்தது. வழிகாட்ட வந்த உள்ளூர்க்காரர் ஒருவர், காயம்பட்டவரைத் தோளில் தூக்கிவந்தவர், பயத்தில் தாமும் ஏறிவிட்டிருந்தார். தோள் என்றால் தோள்தானே, கதவுக்காரர் தட்டிவிட்டார். விடுபட்டவர் கட்டுக்காரர். காயத்துக்குக் கட்டுப் போடுகிற சிப்பாய் என்பதால் அந்தப் பெயர். மறந்த மருந்துப் பையை எடுக்கத் திரும்பி ஓடியிருக்கிறார். நாற்பது நிமிடத்தில் விமானி மறுபடி அங்கே போனார். பை கிடந்தது. ஆள் இல்லை. தான் பார்த்ததை மேலதிகாரியிடம் சொன்னபோது, “தூசியில ஆயிரம் தெரியும்யா. அதையெல்லாம் எழுதாதே,” என்றார் அவர். காயம்பட்ட மூவரைக் காப்பாற்றியதற்கு விமானிக்குப் பதக்கம் வந்தது. கட்டுக்காரர் சண்டையில் விழுந்தார் என்று அவர் மனைவிக்குக் கடிதம் போனது.

அந்த இரண்டாவது பயணத்திலிருந்து திரும்பும்போதே ஹெலிகாப்டர் ஓர் ஆள் கனம் கூடுதலாக இழுத்தது. மெக்கானிக்குகள் திருகு திருகாகக் கழற்றிப் பார்த்தார்கள். வண்டியில் குறையில்லை. வேறு விமானி உட்கார்ந்தால் எடை சரியாக இருந்தது. இவர் உட்கார்ந்தால் அறுபத்தாறு கூடியது. ஒரு மாதம் பேசினார்கள், பிறகு பழகிவிட்டது. பறக்கும் பட்டியலில் இவர் பெயர் இருந்தால் எரிபொருளைக் கொஞ்சம் குறைத்து நிரப்பினார்கள். “அண்ணன் ஒத்தை ஆளா வரமாட்டாருப்பா, துணையோடதான்,” என்று சிரித்தார்கள். கதவுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வருடமே வேலையை விட்டார். அதன்பின் அவருக்குத் தன் பிள்ளைகளைக்கூட எண்ணத் தெரியவில்லை.

வீட்டில் இரண்டு நாற்காலிகள் உடைந்தன. கட்டிலில் அவருக்கு அந்தப்புறம், யாரும் படுக்காத இடத்தில், மெத்தை ஒரு முதுகின் அளவுக்குக் குழிந்தது. மழை நாளில் அவர் நடந்து வந்தால் வாசல் ஈரத்தில் அவர் செருப்புத் தடம் மட்டும் ஆழமாகப் பதியும். அவர் மனைவி வாயாடி, ஆனால் நல்ல மனசு. “வந்தவரு வந்துட்டாரு, அவருக்குன்னு ஒரு வீடு இருக்குமில்ல? கொண்டுபோய் விடுங்களேன்,” என்பாள். பகைவரின் துப்பாக்கிக்குப் பயப்படாத மனுஷனுக்கு ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பயம். கட்டுக்காரரின் மனைவி அதே நகரத்தில்தான் பழைய பேப்பர் கடை வைத்திருந்தாள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொரு படைக்காரரிடமும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “கடைசியா அவரைப் பார்த்தது யாரு?” யாரும் சொல்லவில்லை. பார்த்தவர் ஒருவர்தான், அவர் துக்கம் கேட்கப் போகவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவர் மாதாமாதம் ஒரு கட்டு பேப்பரோடு அந்தக் கடைக்குப் போனார். கடையின் நடுவில் இரும்புப் பலகையும் வட்ட முகமும் கொண்ட பெரிய எடை மேடை இருந்தது. அவள் கட்டை மேடையில் போடுவாள், முள்ளைப் பார்ப்பாள். “வேற என்ன சார்?” என்பாள். “ஒண்ணுமில்லம்மா,” என்று திரும்பிவிடுவார். பதினாலு மாதம் இப்படியே போனது. வீட்டுப் பேப்பர் தீர்ந்து, பக்கத்து வீட்டுப் பேப்பரும் தீர்ந்தது. “இனி கொண்டுபோக இந்தத் தெருவுலயே பேப்பர் இல்லை. வாயைத்தான் தொறக்கணும் நீங்க,” என்றாள் வீட்டில் அவர் மனைவி.

அன்று வெறுங்கையோடு போனார். நேராக எடை மேடையில் ஏறி நின்றார். முள் நூற்று முப்பத்தெட்டைத் தொட்டது. அவள் முள்ளைப் பார்த்தாள். அந்த ஒல்லி உடம்பை மேலும் கீழும் பார்த்தாள். எடை போடுவதுதானே அவள் தொழில், கண்ணாலேயே அவரை நிறுத்து மனசுக்குள் கழித்துவிட்டாள்: மீதி அறுபத்தாறு.

“யாரு சார் உங்ககூட?”

அவர் சொன்னார். தூசி, எண், கண்ணாடி, எல்லாவற்றையும் சொன்னார். அவள் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

“எந்தக் கை?”

“வலது கை.”

“நின்ன பிறகும் தூக்கியேதான் இருந்தாரா?”

“நான் பார்த்த வரைக்கும்.”

அவள் சணல் கயிற்றைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். “ஒவ்வொரு லீவும் முடிஞ்சு படைக்குக் கிளம்புறப்போ இதே மேடையில நிக்க வெச்சுப் பார்ப்பேன். கடைசியா போகையில அறுபத்தொன்பது,” என்றாள். “மூணு கிலோ எளைச்சிருக்காரு. அங்க என்னத்தைத்தான் போட்டாங்களோ.”

“அம்மா, என்னை...”

“உங்களை மன்னிக்கிறதா வேணாமான்னு நான் இன்னும் யோசிக்கலை. முதல்ல அவரை இறக்கி விடுங்க. எப்படி எண்ணுவீங்க நீங்கள்லாம்?”

விமானி வாழ்நாளில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில், தன் தோள் உயரத்தில், காற்றில் தட்டினார். கை எதன் மீதோ பட்டு நின்றது. “பதிமூணு,” என்றார் உரக்க. உள்ளூர்க்காரரையும் சேர்த்து, அன்று காதில் விழாமல் போன எண் அது.

பிறகு மேடையிலிருந்து இறங்கினார். கால் லேசாகி, பழக்கம் விட்டுப்போனதால் தடுமாறி, பேப்பர் அடுக்கைப் பிடித்துக்கொண்டார். முள் ஆடி ஆடி அறுபத்தாறில் நின்றது.

அதற்குப் பிறகு அது கீழே இறங்கவில்லை. புதிதாக வருபவர்கள், “என்னக்கா, காலி மேடையில முள்ளு நிக்குது?” என்று கேட்பார்கள். “அவரு நிக்கிறாரு. கழிச்சுக்குவோம்,” என்பாள். கழித்துக் காட்டுவாள், சரியாக இருக்கும். யாரும் வேறு கடைக்குப் போகவில்லை. விமானி வந்தால் அவள் முக்காலியை நகர்த்திப் போடுவாள். மன்னித்ததாக ஒருநாளும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. எட்டு மாதம் கழித்து முள் அறுபத்தொன்பதுக்கு வந்தது. அன்றிலிருந்து அறுபத்தொன்பதைக் கழிக்கிறாள்.