இரண்டு விரல் இடம்

என் கல்யாண வாழ்க்கையின் முதல் ஆறு வருஷம் தபாலில்தான் நடந்தது. தாலி கட்டிய நாலாம் மாதமே என் வீட்டுக்காரர் மலாக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே என் மாமனார் வைத்த கடை. மூன்று வருஷம் கடையைப் பார்ப்பார், ஊருக்கு வந்து சில மாதம் இருப்பார், திரும்பவும் மூன்று வருஷம். நான் கோனாபட்டுப் பெரிய வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன், ஓரகத்தி என்று ஒரு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பார்த்து என்ன பிரயோஜனம்? கடிதம் வருவது மாமனார் பெயருக்கு. புருஷன் பெண்டாட்டிக்குத் தனியாகக் கடிதம் போடுவது எங்கள் வீட்டில் யாரும் கேள்விப்படாத சங்கதி. மாமனார் பூசையை முடித்துவிட்டு வீட்டின் நடுமுற்றமான வளவில் உட்காருவார். வீடே சுற்றி நிற்கும். பிள்ளையார் சுழியிலிருந்து கையெழுத்து வரைக்கும் உரக்க வாசிப்பார். எனக்கென்று கடைசியில் ஒரு வரி வரும்: 'அலமேலுவுக்கு ஆசீர்வாதம்.' ஒரே ஒரு தடவை என் வீட்டுக்காரர் கை தவறி, 'அலமேலு உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான், வளவே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க என் ஓரகத்திமார் தண்ணீர் எடுக்கப் போனாலும் அரிசி புடைத்தாலும், "என்ன அலமேலு, உடம்பைப் பாத்துக்கிட்டியா?" என்று கேட்டே என்னைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த மாதிரித் தப்பைச் செய்யவில்லை.

பதில் எழுதும்போதும் அதே முறைதான். மாமனார் எழுதுவார். தாளின் அடியில் இரண்டு விரல் அகலம் விட்டுக் கொடுப்பார். அது பொம்பளைகள் இடம். அதில் நானும் மாமியாரும் 'நலம், நலமறிய அவா' என்று ஆளுக்கொரு வரி போட வேண்டும். இப்படித்தான் நான் குடித்தனம் நடத்தினேன்.

ஆறு வருஷம் கழித்துக் காலம் கொஞ்சம் மாறியது. எங்கள் செட்டிமார் வீட்டுப் பெண்களும் ஒன்றிரண்டு பேர் கப்பலேற ஆரம்பித்தார்கள். என் மாமியார் ஒரு வார்த்தை சொல்லி வைக்க, நானும் மகள் உமையாளும் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தோம். காஜா பேராங் பகுதியில் ஒரு பலகை வீடு, முன்னால் ரம்புத்தான் மரம். அவர் காலையில் கடைக்குப் போவார், சாயங்காலம் வருவார். இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள், புருஷனை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து பேச வேண்டும். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வந்து மூன்று வருஷம் ஆகியும் அந்தச் சந்தோஷம் குறையவில்லை.

அப்போதுதான் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த வருஷம் ஜூலையில் மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர், அப்பா மாதிரியே, விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் மகளுக்கும் உரக்க வாசித்தார்.

'சிரஞ்சீவி காசிவிஸ்வநாதனுக்கு ஆசீர்வாதம். அங்கு ராஜாங்கம் கைமாறுவதாகப் பத்திரிகையில் பார்த்தோம். பர்மாவில் நாம் பட்டது உனக்குத் தெரியும். கடையை முடித்துக்கொண்டு வரும் உத்தேசம் இருந்தால் அபிப்பிராயம் எழுதவும். வந்தால் சென்னையில் தெரிந்த கம்பெனியில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது. குடும்பம் கோனாபட்டில் இருக்கலாம்.'

எனக்குக் கடைசி வரிதான் காதில் விழுந்தது. குடும்பம் கோனாபட்டில் இருக்கலாமாம். அவர் சென்னையில், நான் வளவில். மறுபடியும் தபாலில் குடித்தனம்.

"என்ன எழுதப் போறீக?" என்று கேட்டேன்.

"அப்பச்சி கேட்டிருக்காக. எழுதணும்" என்றார்.

என்ன எழுதினார் தெரியுமா? கடை நிலவரம் ஒரு பக்கம். மழை நிலவரம் நாலு வரி. கடைசியில், 'தங்கள் சித்தம் என் பாக்கியம். உத்தரவுப்படி நடந்துகொள்கிறேன்.' அப்பாவுக்கு எழுதும் எல்லாக் கடிதத்திலும் அவர் இப்படித்தான் முடிப்பார். சளி பிடித்திருக்கிறது என்று எழுதினாலும் இதுதான் முடிவு. எனக்கு இரண்டு விரல் இடம் விட்டிருந்தார். நானும் 'நலம்' என்று எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அவருக்குப் போக ஆசையா, இருக்க ஆசையா என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

ஆகஸ்டு பிறந்ததும் பதில் வந்தது. 'உன் கடிதம் கண்டு மனம் புரிந்துகொண்டோம். அக்டோபர்க் கப்பலுக்குச் சீட்டுச் சொல்லியாகிவிட்டது. ஒன்றுக்கும் பயப்பட வேண்டாம்.'

அவர் வாசித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவர்கள் மலாக்காச் செட்டி. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். மாரியம்மனுக்குக் கும்பிடு போடுவாள், ஆனால் 'சோறு' என்று தமிழில் சொன்னால் முழிப்பாள். எனக்கு மலாய் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். நான் என் அரைகுறை மலாயில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஆலாமாக்!" என்று அவள் துணியைக் கூடையில் போட்டாள். "அப்போ உன் புருஷனுக்குப் போக ஆசையா?"

"தெரியாது."

"உன் மாமனாருக்கு நீங்க வரணும்னு ஆசையா?"

"அதுவும் தெரியாது."

"பிறகு இத்தனை வருஷமா காகிதத்துல என்னதான் எழுதிக்கிறீங்க? உங்க காகிதத்துல எல்லாம் இருக்கு, விஷயம் மட்டும்தான் இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்துக் கடிதத்தைப் பற்றி அவள் என்ன பேசுவது என்று கோபம்கூட வந்தது. ஆனால் உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைக்கும்போது அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லையே என்று பட்டது.

அந்த வாரம் அவர் அப்பாவுக்குப் பதில் எழுதினார். சீட்டுச் சொன்னதற்கு நன்றி, கடையை ஒப்படைக்க ஏற்பாடு செய்கிறேன், தங்கள் சித்தம் என் பாக்கியம். வழக்கம்போல அடியில் இடம் விட்டு, "எழுதி ஒட்டி வை அலமேலு, காலையில போட்ரலாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் பேனாவை எடுத்தேன். எழுத்தைச் சின்னதாக்கி, நெருக்கி நெருக்கி எழுதினேன்.

'அயித்தை அவர்களுக்கு அலமேலு நமஸ்காரம். நாங்கள் நலம். எனக்கு அங்கு வர மனமில்லை. உங்கள் மகனுக்கு மனமுண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மாமா அவர்களுக்கும் தெரியாது. தயவுசெய்து மாமா அவர்களை ஒரு தடவை வாய்விட்டுக் கேட்கச் சொல்லவும்.'

ஒட்டினேன். அவர் குளித்து முடிப்பதற்குள் தெருக்கோடித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். போட்ட பிறகுதான் வளவு கண்ணில் வந்து நின்றது. மாமனார் அதை வாசிக்கும்போது வளவில் எல்லாரும் நிற்பார்கள். நடுவில் நிறுத்தவும் முடியாது. தலை தப்பாது என்று தோன்றியது.

அன்றைக்கே சாப்பாடு போடும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். எழுதியதை வரி விடாமல் சொன்னேன். ரசத்தில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"வளவுல வாசிப்பாகளே, அலமேலு!"

"வாசிக்கட்டும்னுதான் எழுதினேன்."

"எல்லாரும் என்ன நினைப்பாக? பெண்டாட்டி புருஷனை மடக்கி வச்சிருக்கான்னு பேச மாட்டாகளா?"

"பேசட்டும். உங்களுக்குப் போக ஆசைன்னா இப்பவே சொல்லுங்க. நாளைக்கே மன்னிச்சுக்கச் சொல்லித் தந்தி அடிக்கிறேன்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் 'உப்பு எங்கே', 'குடை எங்கே' என்பதற்கு மேல் பேச்சில்லை. எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இந்த மனுஷனோடு இருக்கத்தானே இத்தனை பாடும் என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.

இந்த லட்சணத்தில்தான் எங்கள் வீட்டுக்கு மெர்டேக்கா வந்தது. ஊரே திருவிழா. உமையாள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த காகிதக் கொடியை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள் சுற்றினாள். பாக்கியலட்சுமி புது கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, எங்கள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு ஊர்வலம் பார்க்கப் போனாள். கூட்டத்தில் அவர் உமையாளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்ற சீனக்கிழவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், இவருக்கும் இந்த ஊர் பிடிக்கிறதோ என்று எனக்கு முதல் தடவையாக ஒரு நம்பிக்கை வந்தது. கேட்கத்தான் வீம்பு விடவில்லை.

செப்டம்பர் பாதியில் கடிதம் வந்தது. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசற்படியிலேயே பிரித்தார். நான் சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன். உரக்கத்தான் வாசித்தார்.

'சிரஞ்சீவி காசிவிஸ்வநாதனுக்கு. உன் வீட்டில் எழுதியதை வளவில் வாசிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டேன். உன் ஆத்தாள், முழுக்க வாசியுங்கள் என்றாள். வாசித்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரங்கூனில் குண்டு விழுவதற்கு முந்திய வருஷம் எனக்கு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று இருந்தது. ராத்திரி தூக்கமில்லை. என் அப்பச்சிக்கு வருகிறேன் என்று எழுத வாயில்லாமல், தங்கள் சித்தம் என் பாக்கியம் என்று எழுதினேன். அப்பச்சி அங்கேயே இருக்கச் சொன்னார்கள். குண்டு விழுந்த பிறகு காட்டு வழியாக ஊருக்கு நடந்து வந்தேன். கூட வந்தவர்களில் பாதிப் பேர் வந்து சேரவில்லை. நீ அதே வார்த்தையை எழுதியதும், என் மகனும் பயந்துபோய் வர நினைக்கிறான், சொல்ல முடியாமல் தவிக்கிறான் என்று எண்ணிவிட்டேன். அப்பச்சி செய்ததை நான் செய்யக்கூடாது என்றுதான் கேட்காமலே சீட்டுச் சொன்னேன். கடையை மூட எனக்கு ஆசை என்று நினைக்காதே. இப்போது கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும்? சித்தம் என்று எழுதினால் அடுத்த கப்பலில் நானே வந்து கன்னத்தில் அறைவேன்.'

அடியில், பொம்பளைகள் இடத்தில், மாமியாரின் கோணல் எழுத்து: 'அலமேலு, உன் மாமனார் பர்மா நடையைப் பற்றி என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. நல்லா இரு.'

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், கடைத்தெருவில் விலை பேசுகிற குரலில், சத்தமாக, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குப் போக இஷ்டமில்லை, அலமேலு. இங்கதான் இருக்கணும். கடையைப் பாத்துட்டு வந்தா நீயும் புள்ளையும் வீட்ல இருக்கணும். காகிதத்துல உன்னைக் கும்பலோட சேர்த்து விசாரிக்கிற பொழப்பு எனக்கு வேணாம். வேணவே வேணாம்."

வேலிக்கு மேலே பாக்கியலட்சுமியின் தலை தெரிந்தது. தமிழ் புரியாவிட்டாலும் சங்கதி புரிந்துவிட்டது போலிருக்கிறது, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"இதை ஏன் இத்தனை நாளும் சொல்லலை?" என்றேன். சந்தோஷத்திலும் எனக்குச் சண்டைதான் முதலில் வருகிறது.

"யாரும் கேக்கலையே."

அது நிஜம்தான். என்ன எழுதப் போறீக என்று கேட்டிருக்கிறேன். போக ஆசைன்னா சொல்லுங்க என்று மிரட்டியிருக்கிறேன். உங்களுக்கு என்ன வேணும் என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் அருகில் போய்ப் படியில் உட்கார்ந்தேன். தெரு பார்க்கிறதே என்று அவரும் நகரவில்லை, நானும் நகரவில்லை.

விளக்கு வைத்ததும் தாளை எடுத்தார். பிள்ளையார் சுழி போட்டார். கடை நிலவரமும் மழை நிலவரமும் எழுதாமல் நேரே தொடங்கினார்: 'எனக்கு இங்கேயே இருக்க விருப்பம்.' பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதியதை வாசித்துப் பார்த்தார். அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் புதுத் தாளில் மறுபடி எழுதுகிற மனுஷன், முதல் வார்த்தையை ஒரே கோடாக அடித்து, அதன் தலைமேல் 'எங்களுக்கு' என்று எழுதி, அப்படியே மடித்து ஒட்டினார்.