சுவரிலிருந்து எடுத்த நகல்

கிளியோனிகோஸின் தலையை வெட்டி நான்கு நாள் ஆகியிருந்தது. ரோமாபுரியில் எங்கள் குளியல்கூடத்து மாடியில் பாடம் நடத்தியவர். தத்துவவாதிகளின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவார்; அதுதான் குற்றம். அந்த மேலங்கி என் கடையில் வாங்கியதுதான். ஒரு காசு குறைத்துக் கேட்கவில்லை. அப்போதே இவர் இந்த ஊரில் தேறமாட்டார் என்று நினைத்தேன்.

மதியம் அவருடைய மாணவி சோசிமே கடைக்கு வந்தாள். தூக்கமில்லாத முகம்.

"அண்ணாச்சி, ஒரு முத்திரை போடணும்."

"எதுக்கும்மா?"

"சக்கரவர்த்திக்கு ஐயா எழுதின மனு அரண்மனை மண்டபத்துச் சுவத்துல தொங்குது. நாளைக்குக் கழட்டிருவாங்க. ஐயா வீட்ல இருந்த எழுத்தையெல்லாம் சிப்பாய்ங்க எரிச்சுட்டாங்க."

அரண்மனை வழக்கம் அது. மனுவுக்கு அடியில் பதில் எழுதிச் சுவரில் தொங்கவிடுவார்கள். யாரும் நகல் எடுக்கலாம். ஏழு சாட்சிகள் முத்திரை வைத்தால்தான் செல்லும்.

"உங்க ஆளுங்க இல்லையா?"

"ஆறு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. ஏழாவது ஆளு ஊரைவிட்டே போயிட்டாரு."

"விவரமானவன்."

"ஆமா" என்றாள், கோபமே இல்லாமல்.

"முத்திரை இல்லாமலே வச்சுப் படிங்களேன்."

"நாங்க படிப்போம். இது சக்கரவர்த்தி கைக்குப் போச்சுன்னு வெளியாள் நம்பணுமே. நாங்களே கட்டிவிட்டதுன்னுவாங்க."

"நான் உங்க சாமிய கும்பிடுறவன் இல்லம்மா."

"கும்பிட வேணாம். சுவத்துல இருக்கிறதும் நகலும் ஒண்ணான்னு பாத்துச் சொன்னாப் போதும்."

முத்திரைக்குப் பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் எழுத வேண்டும். நாளைக்கு எவனாவது தேடி வந்தால் அந்தப் பட்டியலே போதும். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் துணிமூட்டை மேல் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன்.

மண்டபத்தில் அவள் நகலை வாசிக்க, நான் சுவரில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தேன். என்ன நீளம். பழைய கிரேக்க ஞானிகளெல்லாம் உண்மையின் பாதி வழி வரை வந்தவர்களாம். கால் கடுத்தது. கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்: எங்களில் குற்றம் செய்தவனைத் தண்டியுங்கள், செய்யாதவனை விசாரிக்கவாவது செய்யுங்கள்.

அவள் நிறுத்தினாள். சுவரில் மனுவுக்கு அடியில் சக்கரவர்த்தியின் பதிலாக இன்னும் ஒரு வரி இருந்தது: வழக்கப்படி நடக்கட்டும்.

"இது நகல்ல எங்கம்மா?"

காத்திருந்த ஆறு பேரில் ஒரு கிழவர் முணுமுணுத்தார். "அவரைக் கொன்ன வரிய அவர் எழுத்தோட ஏன்யா சேக்கணும்?"

"சேக்கலேன்னா அவர் சுவத்துக்கிட்ட பேசின மாதிரி ஆயிடும் பெரியவரே. பதில் இருந்தாத்தான் மேல போச்சுன்னு அர்த்தம். இருக்குறதை விட்டுட்டு என்னால முத்திரை போட முடியாது."

நல்ல சாக்கு கிடைத்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன். சோசிமே நாணல் பேனாவை மையில் தோய்த்தாள். அந்த வரியை எழுத அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. எழுதிவிட்டு என் பக்கம் திருப்பினாள்.

ஆறு முத்திரைகள் விழுந்தன. என் முறை வந்ததும் என் பெயரை யாருக்கும் புரியாதபடி கிறுக்கினேன்.

"தெளிவா எழுதுங்க அண்ணாச்சி" என்றாள்.

கிறுக்கியதை அடித்துவிட்டு, தெளிவாக எழுதினேன்.