தலைகீழ் நாள்

காரை நிறுத்தியதும் கென்ஸி வழக்கம்போலத் தன் சட்டத்தை ஒருமுறை ஒப்பித்தாள்.

"உள்ள போனா நீ எனக்கு அம்மா இல்ல. வெறும் டார்லா. என் தலைமுடிய ஒதுக்கிவிடறது, மூக்கத் துடைன்னு சைகை பண்றது, எதுவும் கூடாது."

"போன வாரம் நிஜமாவே மூக்கு ஒழுகிச்சுடீ."

"அம்மா."

"சரி, சரி. யாரோ ஒருத்தி மூக்கு. எனக்கென்ன."

இருவருக்கும் சமூகவியல் அறிமுகப் பாடம் தேவைப்பட்டது. நர்ஸ் படிப்பில் சேர வேண்டுமானால் டார்லா அதை முடித்தாக வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டுமானால் கென்ஸியும் முடித்தாக வேண்டும். சாகினா நகரத்தின் ஓரத்தில் இருந்த அந்தச் சமூகக் கல்லூரியில் மாலை வகுப்பு ஒன்றே ஒன்றுதான். விவாகரத்துக்குப் பின் டார்லா தன் அப்பாவின் குடும்பப் பெயருக்கே திரும்பியிருந்ததால், வருகை எடுக்கும்போதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மகள் முன்வரிசை, தாய் கடைசி வரிசை. கள்ளக்காதலர்களைப்போல் தனித்தனியாக உள்ளே நுழைவதில் டார்லாவுக்கு ஒரு குஷிகூட இருந்தது. அவளுடைய வாழ்க்கையில் கள்ளத்தனம் என்று சொல்லிக்கொள்ள வேறெதுவும் மிச்சமில்லை.

பாடம் நடத்தியவர் வாண்டர்லான். மூன்று கல்லூரிகளில் மணிக்கூலிக்குக் கற்பிக்கிறவர். அவர் காரின் பின்சீட்டில் போர்வை, பல் துலக்கும் பிரஷ், திருத்தாத விடைத்தாள்கள் எல்லாம் கிடக்கும். முதல் வாரம் அவர் ஒரு கேள்வி கேட்டார்: உங்களில் யார் மேல்தட்டு? ஒரு கையும் எழவில்லை. கீழ்த்தட்டு? அதற்கும் இல்லை. நடுத்தரம் என்றதும் மொத்த வகுப்பும் கையைத் தூக்கியது. கார் விற்கும் கடைகள் வைத்திருந்தவரின் மகன் ட்ரெவர் தூக்கினான். ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டு கராஜில் படுத்துறங்கும் பையனும் தூக்கினான். டார்லா எல்லோரையும்விட உயரமாகத் தூக்கினாள். வாண்டர்லானின் கையும் தன்னையறியாமல் தோள்வரை எழுந்து, பிறகு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

இன்றைக்கு அவர் எல்லோரையும் நடைபாதைக்கு அழைத்துப் போனார். கேன்டீன் முன்னால் விசாலமான இடம் இருந்தது. போன வருடமே கேன்டீனை மூடி ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வரிசையாக நிற்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். சொன்னது பொருந்தினால் ஒரு அடி முன்னே, அல்லது பின்னே. பேசக்கூடாது. கடைசியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் நம் சமூகம் தெரியும் என்றார். டார்லாவுக்குச் சின்ன வயதில் ஆடிய பாண்டி ஆட்டம் நினைவு வந்தது. உற்சாகமாகவே நின்றாள்.

வளர்ந்த வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தால் முன்னே வரச் சொன்னார். டார்லா தன் பிறந்த வீட்டை யோசித்தாள். பைபிள், சமையல் குறிப்புகள், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தபாலில் வந்த துணிக்கடை விளம்பரப் புத்தகங்கள். முன்னே போனாள். குடும்பத்துக்குச் சொந்த வீடா என்றார். டார்லா இப்போதைய வீட்டை வைத்து மறுபடி முன்னே போனாள். அது தகர டிரெய்லர் வீடுதான், நிற்கிற மண்ணும் வாடகைதான். ஆனால் தகரம் முழுக்க அவளுடையது. ஓரக்கண்ணால் பார்த்தாள். அதே தகரத்துக்குள் வளர்ந்த கென்ஸி அசையவே இல்லை.

"மாதக் கடைசியில் வீட்டில் சாப்பாடு இல்லாமல் போனதுண்டா? பசியோடு இருந்தவர்கள் ஒரு அடி பின்னே."

டார்லா அசையவில்லை. அவள் வீட்டில் சாப்பாடு இல்லாமல் போனதே கிடையாது. எதையாவது செய்து ஒப்பேற்றிவிடுவாள். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கென்ஸி பின்னே போனாள்.

அது ஒரு சின்ன அடிதான். ஆனால் டார்லாவுக்கு நடைபாதையே நடுவில் பிளந்து விட்டதுபோல் இருந்தது.

முடிந்ததும் வாண்டர்லான், யாராவது மனம்விட்டுப் பேச விரும்பினால் பேசலாம் என்றார். கென்ஸி கையைத் தூக்கினாள். அம்மா இல்லாத இடம் அவளுக்கு உலகத்தில் இது ஒன்றுதான். அந்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுல மாசக் கடைசி ஆனா தலைகீழ் நாள் வரும். ராத்திரிக்குக் காலைப் பலகாரம். வெறும் பான்கேக். நைட் டிரஸ்ஸ பின்பக்கமா திருப்பிப் போட்டுக்கணும். மேஜைக்கு அடியில உக்காந்து சாப்பிடணும். அம்மா ட்ரம் மாதிரி தட்டைத் தட்டுவாங்க. ஆனா அவங்க சாப்பிட மாட்டாங்க. வேலை செய்யற இடத்துலயே சாப்பிட்டாச்சும்பாங்க."

ஷட்டரைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

"ஜூலை மாசத்துல அந்த இடமே பூட்டிக் கெடக்கும். எனக்குச் சின்ன வயசுலயே தெரியும். நான் குதிச்சாத்தான் அவங்க சிரிப்பாங்க. அதனால குதிப்பேன்."

டார்லா வேலை பார்த்தது பள்ளிக்கூடச் சமையலறையில். ஜூலையில் கோடை விடுமுறை என்ற ஒன்று இருப்பதை அந்தப் பொய்யில் சேர்த்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் வாழ்நாளிலேயே தான் கண்டுபிடித்த ஒரே நல்ல விஷயம் தலைகீழ் நாள் என்று இந்த நிமிடம்வரை நம்பிக்கொண்டிருந்தாள். சமையலறையில் கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்திருந்தாள்.

அருமையான எடுத்துக்காட்டு என்று வாண்டர்லான் தலையாட்டினார். புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் இருப்பதாகச் சொல்லிப் பக்கத்தைத் தேடினார். டார்லாவின் பக்கத்தில் நின்ற ட்ரெவர் தொண்டையைச் செருமினான்.

"தப்பா நெனைக்காதீங்க. சோறு போட முடியாதவங்க எதுக்குப் பிள்ளை பெத்துக்கணும்?"

வாண்டர்லானுக்கு வியர்த்தது. வகுப்பிலேயே வயதானவள் என்ற ஒரே தகுதியைப் பார்த்து, டார்லா என்ன நினைக்கிறாள் என்று கேட்டார்.

எல்லோரும் திரும்பினார்கள். கென்ஸி மட்டும் தரையைப் பார்த்தாள்.

"அந்தம்மா நல்லாத்தான் நடிச்சிருப்பாங்க," என்றாள் டார்லா. "என்ன, வீட்டுல அதைவிடப் பெரிய நடிகை ஒண்ணு இருந்திருக்கு."

வகுப்பு சிரித்தது. ட்ரெவரும் சிரித்தான். நிம்மதியடைந்த வாண்டர்லான், யாராவது நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ள நினைத்தால் இப்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார். அப்போதுதான் கென்ஸி தலையை நிமிர்த்தி டார்லாவை நேராகப் பார்த்தாள். தன் சட்டத்தைத் தானே மீறிய பார்வை.

ஒரு அடி போதும். டார்லாவின் குதிகால் தரையிலிருந்து எழும்பக்கூடச் செய்தது. ஆனால் பின்னே போனால், ட்ரெவர் கேட்டானே, அந்தக் கேள்விக்குரியவள் இவள்தான் என்று இத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். பெற்றவள் பிள்ளையைப் பசியோடு தூங்க வைத்தாள் என்று இவளே கையெழுத்துப் போட்டதாகிவிடும். குதிகாலைக் கீழே வைத்தாள். சொந்த வீடும் நிறையப் புத்தகங்களும் உள்ளவர்களுக்கு நடுவில், கைகளைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை ஒருநாளும் பட்டினி போடாத சீமாட்டியாக நின்றாள்.

வகுப்பு முடிந்து இருவரும் காரில் வீடு திரும்பினார்கள். வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"நீ பின்னாடி வருவேன்னு நெனச்சேன்," என்றாள் கென்ஸி.

"நீதான அங்க நான் உன் அம்மா இல்லைன்ன."

"அதுக்காகவா வரல?"

டார்லா கண்ணாடியைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இன்னொண்ணையும் சொல்லிடறேன்," என்றாள் கென்ஸி. "எனக்கு பான்கேக் பிடிக்காது. எப்பவுமே பிடிச்சதில்ல."

மகளுக்கு உயிர் என்று நினைத்து, வருடம் தவறாமல் அவள் பிறந்தநாளுக்கு டார்லா பான்கேக்கை அடுக்கி, மேலே மெழுகுவத்தி ஏற்றி வந்தாள். கென்ஸியும் வருடம் தவறாமல் ஊதி அணைத்து, தட்டை நக்கிவைத்தாள். சனிக்கிழமை அடுத்த பிறந்தநாள். அதற்கான பான்கேக் மாவு டப்பா பின்சீட்டில்தான் இருந்தது. திருப்பத்தில் அது உருண்டு கதவில் இடித்தது.

பாலத்துக்கு முன்னால் பர்கர் கடையின் விளக்கு தெரிந்தது. டார்லா வேகத்தைக் குறைத்தாள். வகுப்புக்காக வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டதிலிருந்து அவள் இந்தக் கடைப்பக்கம் வண்டியைத் திருப்பியதில்லை. இன்றைக்குத் திருப்பலாம் என்று நினைத்தாள்.

"என்ன வேணும், சொல்லு. எது வேணாலும்."

கென்ஸி கடையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையில் இருந்த பழைய கையுறையைப் பார்த்தாள்.

"வேணாம்மா. கேன்டீன்லயே சாப்பிட்டாச்சு."

ஷட்டருக்கு முன்னால்தான் இரண்டு பேரும் மாலை முழுக்க நின்றிருந்தார்கள்.

"அப்படியா," என்றாள் டார்லா, முழுக்க நம்பிவிட்டவளைப்போல. "நல்லதாப் போச்சு. எனக்கும் பசியில்ல."

கடை பின்னால் போயிற்று. பாலத்தின் நடுவில் யாருடைய வயிறோ சத்தமாக உறுமியது. டார்லா கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.