தேனீக்குக் காய்ச்சல் கொடுத்தது யார்?

1

இந்தக் கதை ஒரு விசாரணையில் தொடங்கியது. விசாரிக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

தேனீ ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து போன் செய்தாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“ரைட்டர் மேடம், அன்னைக்கு ரெக்கார்டிங் ரூம்ல உங்களுக்கு மூக்கு ஒழுகுச்சா?”

“இல்லம்மா.”

“தும்மினீங்களா?”

“ஞாபகம் இல்ல.”

“ஞாபகம் இல்லையா, தும்மலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் வயிற்றில் ஏழு மாதக் குழந்தை, மூக்கில் ஆக்சிஜன் குழாய். அந்த நிலையிலும் குறுக்கு விசாரணை. நான் நிரபராதி என்று காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அவளும் நம்பியதாகத் தெரியவில்லை. “சரி, பாக்கலாம்” என்று வைத்துவிட்டாள்.

[தேனீ என்பது பெற்றோர் வைத்த பெயரில்லை. வேற்றுமொழிக் கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் பிழைப்பு. அதில் ஒரு தொடரின் கதாநாயகி தேனீ. அதற்குக் குரல் கொடுப்பவளை ஸ்டூடியோ மொத்தமும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டது.]

குணமான பிறகு மிச்சத்தை அவளே வந்து சொன்னாள். போகும்போது ஒரு நிபந்தனையும் போட்டாள். “எழுதிக்குங்க. ஆனா என்னை நல்லவளா மட்டும் எழுதிடாதீங்க. அப்போ நான் ஒருத்தரையும் விட்டு வைக்கல.”

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மரணம் ஒரு தும்மலின் வடிவில்—

அடித்துவிட்டேன். யாரும் சாகவில்லை. (இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கர்ப்பிணி வரும் கதைகளில் எழுத்தாளர்கள் செய்கிற அக்கிரமம் எனக்குத் தெரியும்.)

நடந்ததைச் சொல்கிறேன். அன்று தேனீக்கும் குளவி ராணிக்கும் சண்டைக் காட்சி. ஒலிப்பதிவு அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருக்கும். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, ஜன்னல் கிடையாது, கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். குளவி ராணிக்குக் குரல் கொடுப்பவர் வில்லியக்கா. ஐம்பதைத் தாண்டியவர். திரையில் எந்தப் பெண் கெட்டவளாக இருந்தாலும் குரல் அவருடையதுதான். வழக்கமாக ஒவ்வொருவராகத்தான் பேசுவார்கள். அன்று சண்டை சூடு பிடிக்கவில்லை என்று ஒலிப்பதிவு இன்ஜினியர் இரண்டு பேரையும் ஒரே மைக் முன்னால் நிறுத்தினார். வசனம் திருத்த நானும் உள்ளே போய் நின்றேன்.

வில்லியக்கா அடிக்கடி தொண்டையைச் செருமினார். வாயில் மிட்டாய் போல ஒரு மாத்திரையை ஒதுக்கியிருந்தார். தேனீ அதை அப்போதே பார்த்துவிட்டாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவரைப் பார்த்து “உங்களுக்கு உடம்பு சரியில்லையா” என்று கேட்டால், வெளியே போங்கள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

சில நாளில் தேனீக்குக் காய்ச்சல். முதலில் உடம்பு வலி, பிறகு வறட்டு இருமல். ஒரு காலை, குளியலறையிலிருந்து படுக்கைக்கு வருவதற்குள் மாடி ஏறியவள் மாதிரி மூச்சிரைத்தது. கணவன் அவளைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வரைவில் அவனைப் பற்றி “சொக்கத் தங்கம்” என்று எழுதியிருந்தேன். எழுதிய கையோடு எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு குறையும் இல்லாத கணவனைக் கதையில் கண்டால் நான் நம்புவதில்லை. இருந்தாலும் அவன் செய்ததெல்லாம் நல்லதாகவே இருந்தது. கால் அமுக்கினான், கஞ்சி காய்ச்சினான், வேலைக்கு லீவு போட்டான். சரி, இருக்கட்டும் என்று விட்டேன்.

3

மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் வைரஸுக்கான மாத்திரையை டாக்டரம்மா உடனே தொடங்கிவிட்டார். வந்திருப்பது ஃப்ளூ என்று பிறகு உறுதியானது.

“எதிர்ப்பு சக்தி குறைஞ்சுட்டதாலதான் வந்துச்சா டாக்டர்?” என்று கேட்டாள் தேனீ.

“குறையறதுன்னு சொல்ல முடியாதும்மா. அதோட போக்கு மாறுது. குழந்தைல பாதி உங்க வீட்டுக்காரர். உங்க உடம்புக்கு அது வெளியாள்தான். அதை விரட்டாம வெச்சுக்கணும்னு உடம்பு சில இடத்துல கையை அடக்கிக்குது. அந்த நேரத்துல இப்படி ஒரு வைரஸ் நுரையீரலுக்குள்ள வந்தா, முதல் அடி கொஞ்சம் லேட்டாகலாம். அப்புறம் முழிச்சுக்கிட்டு, தேவைக்கு மேல அடிக்கலாம். நுரையீரல் வீங்குறது வைரஸால மட்டும் இல்ல, நம்ம ஆளுங்க அடிக்கிற அடியாலயும்தான்.”

“குழந்தைக்கு?”

“வைரஸ் அங்க வரைக்கும் போறது அபூர்வம். உங்க காய்ச்சலும் வீக்கமும்தான் அதுக்குத் தொந்தரவு. சீக்கிரம் பொறந்துடலாம். வயிறு மேல தள்ளுறதால உங்களுக்கு மூச்சுக்கு இடமும் கம்மி. அதான் இங்கயே இருங்கன்னு சொல்றேன்.” பிறகு சொன்னார்: “இதுல இன்னும் எங்களுக்கே முழுசா புரியாதது நிறைய இருக்கும்மா.”

[இந்த இடத்தில் எனக்கு உவமை எழுதக் கை துறுதுறுக்கிறது. பாதி வெளியாள், தாமதமாக விழிக்கும் காவல்... வேண்டாம். டாக்டரம்மா சொன்னது உடம்பைப் பற்றி. அது உடம்போடு நிற்கட்டும்.]

தேனீ அதில் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: வைரஸ் எங்கிருந்தோ வந்திருக்கிறது. அப்படியானால் யாரோ கொண்டு வந்திருக்கிறார்கள். படுத்தபடியே விசாரணையைத் தொடங்கினாள். என்னைக் கேட்டாள். இன்ஜினியரைக் கேட்டாள். மாடி வீட்டுக்காரியின் பிள்ளைக்குப் பள்ளியில் காய்ச்சலா என்று கேட்டாள். கடைசியில் வில்லியக்காவுக்கு, இருமலுக்கு நடுவே, குரல் செய்தி அனுப்பினாள். “அக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சே வந்தீங்க. எம் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்களைச் சும்மா விட மாட்டேன்.”

4

அடுத்த நாளே வில்லியக்கா முகக்கவசத்தோடு வார்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே பேசினார்.

“நீ மெசேஜ் போட்டதும் நானும் போய் டெஸ்ட் எடுத்தேன்டி. ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு.”

“இப்போ இல்லன்னா? அன்னைக்கு இருந்திருக்கலாம்ல?”

“இருந்திருக்கலாம். கத்திக் கத்தி எனக்கு எப்பவுமே தொண்டை கட்டுது. எது கட்டு, எது காய்ச்சல்னு எனக்கே தெரியாது. சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன்.” பழப்பையைக் கை மாற்றிக்கொண்டார். “ஆனா ஒண்ணு. நான் ஸ்க்ரீன்ல கொல்றதோட சரி.”

தேனீக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, நர்ஸ் ஓடி வரவேண்டியதாயிற்று. வில்லியக்கா பயந்து போய், பழப்பையை வாசலிலிருந்த நாற்காலியில் வைத்துவிட்டு நழுவினார்.

இது துப்பறியும் கதையாக இருந்தால் குற்றவாளியை இங்கே பிடித்திருப்பேன். வைரஸ் வந்த வழியை யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கதை முடியும்போதும் அது தெரியாது.

ஆனால் ஓடி வந்த நர்ஸ் சும்மா போகவில்லை. அவர் அதே ஆஸ்பத்திரியின் கர்ப்பகாலக் கிளினிக்கிலிருந்து வார்டுக்கு மாறி வந்தவர். இருமல் அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டே, ஆற்றாமையோடு சொன்னார்.

“அன்னைக்கே ஃப்ளூ ஊசியைப் போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதேம்மா. ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?”

“நான் எப்போ வேண்டாம்னு சொன்னேன்? ஸ்டாக் இல்லன்னீங்க.”

“ஸ்டாக் இல்லையா? எங்ககிட்ட இல்லாம இருந்ததே இல்லையே. உங்க வீட்டுக்காரர்தான் வந்து, அவங்களுக்கு இஷ்டம் இல்லன்னு சொல்லிட்டுப் போனார்.”

தேனீ நர்ஸின் முகத்தையே பார்த்தாள். ஊசி போடச் சொல்லி எழுதிக் கொடுத்த நாளில் அவளுக்கு ஒலிப்பதிவு இருந்தது. “நான் போய் எப்போ வரணும்னு கேட்டுட்டு வரேன்” என்று கிளம்பியவன் அவன்தான். “மருந்து வரலையாம், அடுத்த மாசம் வரும்னாங்க” என்று வந்து சொன்னவனும் அவன்தான்.

5

[இங்கே அவனை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதினேன். வேறொரு பெண், ஒரு ரகசிய— சே. படித்துப் பார்த்தேன், பொய் நாறியது. கிழித்துவிட்டேன்.]

மாலையில் கணவன் பிளாஸ்க்கோடு வந்தான்.

“வாங்க,” என்றாள் தேனீ.

அவன் எடுத்த அடியோடு நின்றான். காதலித்த காலத்திலிருந்து அவள் அவனை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள். மரியாதை கூடினால் ஆபத்து என்று அவனுக்குத் தெரியும்.

“ஊசி ஸ்டாக் இல்லன்னு உங்ககிட்ட யாரு சொன்னது?”

“அது... அன்னைக்கு...”

“நர்ஸ் சொல்லிட்டாங்க.”

அவன் பிளாஸ்க் மூடியைத் திறந்தான், மறுபடி மூடினான். “பயந்துட்டேன்.”

“எதுக்கு?”

“ஒரு வீடியோ வந்துச்சு. அந்த ஊசி வயித்துல இருக்கிறதுக்கு ஆகாதுன்னு. பொய்யாத்தான் இருக்கும்னு தோணுச்சு. ஆனா ஒருவேளை நெசமா இருந்தா?”

“டாக்டர் சொன்னதுல அந்த ஒருவேளை உங்களுக்கு வரல?”

“லிஃப்ட்னா கயித்தைக் கையால இழுத்துப் பாத்துடுவேன். யாரு சரின்னு சொன்னாலும் நம்ப மாட்டேன். இதை நான் எப்படி இழுத்துப் பாக்கிறது?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம். உடம்பு என்னுது.”

“சொன்னா நீ போட்டுக்கிட்டிருப்ப.”

கத்தினால் இருமல் வரும், இருமினால் மூச்சு முட்டும். கத்தாமல் அழுதாள். அவன் தோளைத் தொட வந்தான். அவள் விலகிக்கொண்டாள்.

(பிறகு டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டிருக்கிறாள். ஊசி போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கலாம் என்றார் அவர். இவ்வளவு மோசமாகியிருக்க வாய்ப்புக் குறைவு, பிறக்கும் குழந்தைக்கும் அதிலிருந்து கொஞ்சம் பாதுகாப்பு போயிருக்கும் என்றும் சொன்னார். இரண்டையும் அப்படியே எழுதுகிறேன். அவனுக்குச் சாதகமாக ஒன்றை விடுவதும் தப்பு, பாதகமாக ஒன்றைச் சேர்ப்பதும் தப்பு.)

6

தேனீ பிழைத்தாள். ஆக்சிஜன் குழாயைக் கழற்றினார்கள். வீட்டுக்குப் போனாள். வீட்டில் ‘நீங்க’ தொடர்ந்தது. அவன் வாங்கி வந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, மருந்துக்கடைக்கே போன் போட்டுக் கேட்ட பிறகுதான் விழுங்கினாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

குழந்தை குறைமாதத்தில்தான் பிறந்தது. பெண். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தாள். கண்ணாடிப் பெட்டியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். அழுகை மட்டும் ஊருக்கே கேட்டது. வில்லியக்கா கேட்டுவிட்டு, “தொழிலுக்கு ஆள் வந்தாச்சு” என்றார்.

அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: “ஆறு மாசம் ஆகுற வரைக்கும் இவளுக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அதனால தூக்கிக் கொஞ்சுறவங்க எல்லாரும் போட்டுக்கணும்.” தேனீ அங்கேயே போட்டுக்கொண்டாள். கணவன், சாப்பாடு வாங்கி வருகிறேன் என்று அப்போது வெளியே போயிருந்தான்.

இதற்கு நான் எழுதிய முடிவுகள்:

முதலாவதில் தேனீ குழந்தையோடு வில்லியக்கா வீட்டுக்குப் போய்விடுகிறாள். இரண்டாவதில் கணவன் காலில் விழ, அவள் சிரித்துக்கொண்டே ‘எழுந்திரு’ என்கிறாள்.

இரண்டையும் போனில் படித்துக் காட்டினேன். “ரெண்டுமே உதடு ஒட்டல மேடம்,” என்றாள். (திரையில் அசைகிற வாயோடு வசனம் பொருந்தாவிட்டால் எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம்.) பிறகு உண்மையில் நடந்ததைச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த இரண்டொரு நாளில், வேலை முடிந்து வந்தவன் கதவருகிலேயே சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். மேல்கையில் வட்டமாக ஒரு சின்ன பிளாஸ்திரி.

“போட்டாச்சு. வேலை செய்யிற இடத்துக்குப் பக்கத்துலயே ஒரு கிளினிக்.”

கை காலெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, குழந்தைக்காக இரண்டு கையையும் நீட்டினான்.

“பிளாஸ்திரிக்கு அடியில ஊசி குத்தின தடம் இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“நீங்களா இருந்தா பிரிச்சுப் பார்ப்பீங்களா?” என்றாள் தேனீ.

பிரித்துப் பார்த்து, தடம் இருந்தால்? அவன் முகத்தை அப்புறம் எப்படிப் பார்ப்பது? பிரிக்காமல் குழந்தையைக் கொடுத்து, தடம் இல்லாமல் இருந்தால்?

இனி நான் எழுதப் போவதில்லை. அவன் கையை நீட்டியபடி நிற்கிறான். குழந்தை கொட்டாவி விடுகிறாள். பிளாஸ்திரியின் ஓரம் ஈரத்தில் லேசாகப் பெயர்ந்திருக்கிறது, நகத்தால் நெம்பினால் வந்துவிடும். நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள்.